நிறம் மாறும் மஞ்சள்: கண்ணை நம்பி வாங்கும் சந்தை

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் அருவிக்குப் போகிறவர்களுக்குப் பென்னாகரம் வழியில் வரும் ஊர். அங்கிருந்து அருவி சுமார் 16 கிலோமீட்டர். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் மாலிஷ்காரர்களின் கைவண்ணம் தமிழ்நாடு முழுவதும் பிரசித்தம். உடம்பில் எண்ணெயையும் மஞ்சளையும் பூசிக்கொள்வது இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் கற்றுக் கொடுக்க வேண்டிய வித்தையல்ல.

இன்று இப்படிப்பட்ட ஊர்களின் கடைவீதியில் இரண்டு வகை மஞ்சள் விலைக்குக் கிடைக்கிறது. ஒன்று, சாக்கில் குவிந்து கிடக்கும் கிழங்கு. மற்றொன்று, சிறு கண்ணாடிப் புட்டியில் சொட்டுக் குழாயுடன் வரும் 'சீரம்'. கிழங்கு கிலோக் கணக்கில் விற்கிறது. சீரம் 30 மில்லிலிட்டர், விலை நூற்றுக்கணக்கான ரூபாய். முதலாவது இந்த மாவட்டத்து வயல்களிலேயே விளைவது. இரண்டாவது எங்கோ தொலைவில் தயாராகி, கூரியர் மூட்டையில் பல நாள் வெயிலில் பிரயாணம் செய்து வந்து சேருவது.

இரண்டைப் பற்றியும் ஒரே புகார்தான். "நிறம் மாறிவிட்டது" என்கிறார்கள். கிழங்கு மங்கிவிட்டால் வாங்க ஆளில்லை. சீரம் பழுப்பேறினால் கடைக்காரரிடம் சண்டை. இந்தப் புகாரில் பாதி நியாயம் இருக்கிறது. மறு பாதி வியாபாரத்தை மிகவும் ஆபத்தான ஒரு வழியில் தள்ளிக்கொண்டிருக்கிறது. தேசிய மஞ்சள் வாரியம், ஏற்றுமதி இலக்கு என்றெல்லாம் பேச்சு அடிபடும் இந்தச் சமயத்தில் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது அவசியம்.

உரசும் கல்லில் இல்லாத தொல்லை

ஆற்றங்கரையில் கல்லில் மஞ்சளை உரசி அப்போதே முகத்தில் பூசிக்கொண்ட பெண்களுக்கு நிறம் மாறும் தொல்லை இருந்ததில்லை. உரசியது உரசிய வேகத்தில் செலவாகிவிட்டது. கிழங்குக்குள் இருந்தவரை வெளிச்சமும் காற்றும் அதை அண்டவில்லை. என்றைக்கு அதை நீரிலும் எண்ணெயிலும் கலந்து, புட்டியில் அடைத்து, ஒரு வருஷம் இரண்டு வருஷம் வைத்திருந்து விற்க வேண்டும் என்று வந்ததோ, அன்றைக்குத்தான் தொல்லையும் வந்தது.

மஞ்சளுக்கு நிறம் தரும் வஸ்துவின் பெயர் குர்குமின். 1815-இல் வோகல், பெல்த்தியே என்ற இருவர் இதை மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இதன் அமைப்பு இன்னதென்று தெளிவாவதற்கு 1910 வரை ஆயிற்று. விஞ்ஞானிகளுக்கு ஏறக்குறைய நூறு வருஷ வேலை வைத்த இந்த வஸ்துவின் குணங்களை நம் வீட்டுப் பெண்கள் மூன்று சந்தர்ப்பங்களில் பரீட்சை செய்தே பார்த்திருக்கிறார்கள்.

மஞ்சள் கறை பட்ட துணிக்குச் சோப்புப் போட்டால் கறை சிவந்துவிடுகிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் இரத்தச் சிவப்பாகிறது. சோப்பும் சுண்ணாம்பும் காரம். காரம் பட்டால் குர்குமின் சிவக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துக் குங்குமம் செய்வதும் இந்தக் குணத்தை வைத்துத்தான். மூன்றாவது, கறை போகாத துணியை வெயிலில் உலர்த்தினால் கறை தானே வெளுத்துப் போகும். வெளிச்சத்தில் குர்குமின் சிதைகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய நிரூபணம் தேவையில்லை.

பரிசோதனைச் சாலையில் கண்டதும் இதையேதான், கொஞ்சம் கணக்கோடு. காரமும் புளிப்பும் இல்லாத நடுநிலைக் கரைசலில், உடம்புச் சூட்டில் குர்குமினை வைத்துப் பார்த்தபோது, அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிட்டது என்று 1997-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. புளிப்பான கரைசலில் அது வெகுநேரம் தாக்குப்பிடித்தது. ஆகவே, சோப்பின் காரத்தோடு மஞ்சளைக் கலந்து "மஞ்சள் சோப்" என்று விற்றால், பெட்டியில் படம் மஞ்சளாக இருக்கும். உள்ளே குர்குமின் எவ்வளவு மிச்சம் என்பது வேறு விஷயம். சோப்பின் மஞ்சள் நிறம் பெரும்பாலும் சாயத்தால் வருவது.

வாழைக்காயும் வைட்டமினும்

மஞ்சளுக்கு மட்டும் நேர்ந்த கதியல்ல இது. நகரத்துக் கடைகளில் அதிகம் பேசப்படும் வைட்டமின் சி சீரத்தின் கதையும் இதுவே. நீர் போல் தெளிவாக இருப்பது சில வாரங்களில் வெளிர் மஞ்சளாகும். பிறகு தேன் நிறம். பிறகு காப்பி டிகாக்ஷன் நிறம். பிராணவாயு பட்டுப்பட்டு வைட்டமின் படிப்படியாக வேறு பொருள்களாக மாறுவதன் அடையாளம் அது. மஞ்சள் தட்டிய உடனேயே எல்லாம் போய்விட்டதென்று அர்த்தமில்லை. ஆனால் பழுப்பேறிவிட்டதென்றால் கொடுத்த காசுக்குக் கிடைக்க வேண்டிய சரக்கில் பெரும்பங்கு போய்விட்டது.

நறுக்கிய வாழைக்காயைக் கறுக்காமல் இருக்க மோர் கலந்த நீரில் போட்டு வைப்பது நம் சமையலறை வழக்கம். வாழைக்காய் கறுப்பதன் ரசாயனம் சற்று வேறு. ஆனால் அந்த வழக்கத்தில் இருக்கும் இரண்டு தந்திரங்கள்தான், அதாவது காற்றை ஒதுக்குவதும் புளிப்பைச் சேர்ப்பதும், பெரிய கம்பெனிகளின் தொழிற்சாலைகளிலும் கையாளப்படுகின்றன.

அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஷெல்டன் பின்னல் என்ற தோல் நிபுணர் இதில் முக்கியமானவர். வைட்டமின் சி தோலுக்குள் இறங்க வேண்டுமானால் கரைசலின் புளிப்பு அளவு 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று அவரும் அவருடைய சகாக்களும் 2001-இல் காட்டினார்கள். 2005-இல் இன்னொன்று கண்டார்கள். வைட்டமின் சி 15 சதவீதம், வைட்டமின் ஈ 1 சதவீதம் கலந்த கரைசலில் ஃபெருலிக் அமிலம் என்ற பொருளை அரை சதவீதம் சேர்த்தால், வைட்டமின்கள் நிலைத்து நிற்பதோடு, வெயிலிலிருந்து தோலைக் காக்கும் சக்தி நாலு மடங்கிலிருந்து ஏறக்குறைய எட்டு மடங்காகிறது என்பதே அது.

இந்த ஃபெருலிக் அமிலம் எங்கே கிடைக்கிறது? நம் அரிசித் தவிட்டில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், குர்குமின் காரத்தில் சிதையும்போது உண்டாகும் துண்டுகளில் ஒன்றும் இதே ஃபெருலிக் அமிலம்தான்.

தொழிற்சாலையில் செய்வது என்ன?

நிறம் மாறாமல் காக்க உற்பத்தியாளர் செய்யும் காரியங்கள் பல. கரைசலில் எலுமிச்சை அமிலம் சேர்த்துப் புளிப்பாக வைப்பது முதல் வேலை. இரும்பும் செம்பும் துளி இருந்தாலும் காரியம் கெட்டுவிடும். தண்ணீரிலோ கொப்பரையிலோ இருந்து வரும் அந்த உலோகத் துகள்கள் பிராணவாயுவுக்குத் தூது போகிறவை; அவற்றைக் கட்டிப்போட இ.டி.டி.ஏ. என்ற ரசாயனத்தை இம்மி அளவு சேர்க்கிறார்கள். பிராணவாயு முதலில் வந்து தாக்கட்டும் என்று வைட்டமின் ஈ, சோடியம் மெட்டாபைசல்பைட் போன்றவற்றைப் பலிகடாவாக நிறுத்துகிறார்கள். கொதிக்கும் களிம்பில் போடாமல், ஆறிய பிறகே முக்கியமான சரக்கைக் கலக்கிறார்கள். புட்டியின் தலைப்பகுதியில் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜனை நிரப்புகிறார்கள். வாயகன்ற டப்பாவைத் தவிர்த்து, காற்றுப் புகாத அழுத்துக் குழாயில் அடைக்கிறார்கள். குர்குமினை மாவுச்சத்திலிருந்து செய்யும் வளைய மூலக்கூறுகளுக்குள்ளோ, நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள்ளோ ஒளித்து வைப்பதும் உண்டு.

இவ்வளவும் செய்தால் செலவு ஏறும். ஆகவே, இவற்றில் இரண்டைச் செய்துவிட்டு மீதியைப் புட்டியின் நிறத்துக்கு விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பழுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுக்கிறது, உண்மை. உள்ளே இருப்பது பழுப்பாகிவிட்டதை வாங்குகிறவர் கண்ணிலிருந்து மறைக்கிறது, அதுவும் உண்மை. முன்கூட்டியே களிம்புக்குப் பொன்னிறச் சாயம் கொடுத்துவிட்டால் பின்னால் ஏறும் நிறம் தெரியவே தெரியாது. ஒன்று காப்பது, மற்றொன்று மறைப்பது. இரண்டும் கடை அலமாரியில் ஒரே மாதிரிதான் தோன்றும்.

மத்திய சர்க்காரின் 2020-ஆம் வருஷத்து அழகுப் பொருள் விதிகள், எந்த மாதம் எந்த வருஷத்துக்குள் உபயோகிக்க வேண்டும் என்று லேபிளில் போடச் சொல்கின்றன. நல்ல விதிதான். ஆனால் அந்தத் தேதி, திறக்காத புட்டி ஒழுங்கான சூட்டில் இருந்தால் பொருந்தும் தேதி. ஐரோப்பாவில், நீண்ட ஆயுளுள்ள பொருள்களுக்கு மூடி திறந்த ஜாடியின் படம் ஒன்றைப் போட்டு, திறந்தபின் எத்தனை மாதம் தாங்கும் என்றும் குறிக்கிறார்கள். சூடு பத்து டிகிரி ஏறினால் ரசாயன மாற்றத்தின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. சித்திரை வெயிலில் பாத்திரம் போல் காயும் லாரியில் வந்து, தகரக் கூரைக் கடையில் மாதக்கணக்கில் இருக்கும் புட்டிக்கு லேபிள் தேதி எவ்வளவு தூரம் பொருந்தும்? குளிர்ந்த அறையில் விற்கும் சென்னைக் கடைக்காரரும், பென்னாகரத்துக் கடைக்காரரும் வாங்குகிறவரிடம் கேட்கும் விலை ஒன்றுதான்.

நிறமற்ற மஞ்சள்

சாயம் பூசி மறைக்காமல், குர்குமினையே மாற்றிவிட்டால் என்ன என்று யோசித்தவர்களும் உண்டு. குர்குமினோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் டெட்ராஹைட்ரோகுர்குமின் கிடைக்கிறது. அது வெள்ளைப் பொடி. தோலில் கறை படியாது, துணியில் ஒட்டாது, குர்குமினைவிட நிலைத்து நிற்கும். பெங்களூரில் வேலை செய்யும் சாமி-சபின்சா நிறுவனம் இதை அழகுப் பொருள்களுக்கான சரக்காகத் தயாரித்து உலகச் சந்தையில் விற்கிறது. மஞ்சள் கிழங்கில் குர்குமின் இருப்பது நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரைதான். அந்தப் பங்கைப் பிரித்து, அதன் மஞ்சள் நிறத்தையும் நீக்கிவிட்ட பிறகே அதற்கு உயர்ந்த விலை!

மஞ்சள் பூச்சினால் தோலுக்கு விளையும் நன்மைகளைப் பற்றி விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு மருத்துவ ஆதாரம் இன்னும் சேரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புண் ஆற்றும் குணம் நம் நாட்டில் தொன்றுதொட்டு அறிந்தது. அதற்கு 1995-இல் அமெரிக்காவில் மிஸிஸிபி சர்வகலாசாலை மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியதும், நமது விஞ்ஞான தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் வழக்காடி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். வெற்றி பெரியதுதான். ஆனால் கிழங்கை விற்பவரின் கல்லாப்பெட்டியில் அந்த வெற்றி ஒரு காசும் சேர்க்கவில்லை.

கண் செய்யும் தவறு

இனி, புகாரின் ஆபத்தான பாதி. வாங்குகிறவர் நிறத்தைப் பார்த்தே தரத்தை முடிவு செய்கிறார் என்று தெரிந்தால், விற்கிறவர் நிறத்தை விற்கத் தொடங்குகிறார்.

கஸ்தூரி மஞ்சளையே எடுத்துக்கொள்ளலாம். தோல் பூச்சுக்கு உகந்தது என்று பெயரெடுத்த அது, சமையல் மஞ்சளைப் போல் பளீரென்று இருக்காது. பொடித்தால் வெளிறித்தான் தெரியும். கற்பூரம் போன்ற வாசனை அடிக்கும். தோலில் கறையும் படியாது. அசல் சரக்கைக் கண்ணில் காட்டினால் "இது போலி" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வேறு கிழங்குகளின் மஞ்சள் நிறப் பொடி தாராளமாக விலை போகிறது.

அதாவது பரவாயில்லை, காசுதான் நஷ்டம். பங்களாதேஷில் நடந்தது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அங்கே 1980-களில் வந்த பெரும் வெள்ளத்தில் மஞ்சள் சரியாகக் காயாமல் மங்கிப் போயிற்று. மங்கிய கிழங்கை வாங்க ஆளில்லை. மெருகேற்றும் ஆலைகளில் சிலர் லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைத் தூவினார்கள். கிழங்கு தகதகவென்று மின்னிற்று. வெள்ளம் வடிந்தும் வழக்கம் வடியவில்லை. அமெரிக்க ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்களும் டாக்காவிலுள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தாரும் 2019-இல் இதை அம்பலப்படுத்தினார்கள். கர்ப்பிணிகளின் இரத்தத்திலிருந்த ஈயம் மஞ்சளிலிருந்து வந்ததென்று நிரூபணமாயிற்று. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது.

அந்நாட்டுச் சர்க்கார் சந்தையில் சோதனை நடத்தி, வியாபாரிகளுக்கு அபராதம் விதித்து, அதைப் பகிரங்கப்படுத்தியது. பத்திரிகைகளும் சும்மா இருக்கவில்லை. 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் காணப்பட்டது. 2021-இல் ஒன்றில்கூட இல்லை. இரண்டே வருஷத்தில் சாதித்திருக்கிறார்கள். மனம் வைத்தால் முடியும் என்பதில் சந்தேகமில்லை.

நம் நாட்டிலும் மஞ்சளில் லெட் குரோமேட் சேர்க்கக் கூடாதென்றுதான் சட்டம். மெட்டானில் யெல்லோ என்ற சாயமும் தடை செய்யப்பட்டதே. ஒரு கோப்பை நீரில் ஒரு கரண்டி பொடியைப் போட்டுக் கலக்காமல் விட்டால், நல்ல மஞ்சள் அடியில் படிந்து நீர் லேசாக நிறம் கொள்ளும். சாயம் கலந்தது நீரை உடனே அழுத்தமான மஞ்சளாக்கிவிடும். வீட்டில் செய்யக்கூடிய சோதனை இது. ஈயத்தின் அளவை உள்ளபடி அறியப் பரிசோதனைச் சாலைதான் வேண்டும்.

புட்டிச் சரக்கிலும் இதே கதை. விலையுயர்ந்த சீரம் பழுப்பாகிவிட்டதென்று வெறுத்தவர்கள், லேபிள் இல்லாத வெள்ளை வெளேரென்ற மலிவுக் களிம்புக்குத் தாவுகிறார்கள். கேரளத்தில் கோட்டக்கல் மருத்துவமனையின் சிறுநீரக டாக்டர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைக் கவனித்தார்கள். அந்த நோயில் அபூர்வமான ஒரு பிரிவு 15 பேருக்கு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் களிம்பு பூசி வந்தவர்கள். காரணம் பாதரசம் என்பது டாக்டர்களின் முடிவு. மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-இல் ஜினீவாவில் கூடி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2025-க்குள் அடியோடு நிறுத்துவதென்று தீர்மானித்தன. பழுப்பேறிய சீரம் பர்ஸைத்தான் பதம் பார்க்கும். அந்த வெள்ளைக் களிம்பு சிறுநீரகத்தை அல்லவா பதம் பார்க்கிறது!

நிறம் மாறுவதை ஓர் எச்சரிக்கையாகப் பார்க்கும் பழக்கம் தருமபுரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளோரைடால் பற்கள் மஞ்சளும் பழுப்புமாகக் கறைபட்டதைப் பார்த்துத்தான் தண்ணீர் கெட்டிருப்பது ஊருக்குத் தெரிந்தது. பல்லைத் தேய்த்து வெளுப்பாக்கினால் போதுமென்று யாரும் நினைக்கவில்லை. ஒகேனக்கலிலிருந்து காவேரித் தண்ணீரைக் கொண்டு வரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

களத்து மேட்டில்

மஞ்சளின் நிறம் புட்டியில் கெடுவதற்கு முன்னாலேயே களத்தில் கெடத் தொடங்குகிறது. தோண்டிய கிழங்கை இரண்டு மூன்று நாளுக்குள் வேகவைக்க வேண்டும். நுரை கட்டி, ஆவியில் மஞ்சள் வாசனை வரும்வரை முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டும். குறைந்தால் சரியாகக் காயாது. கூடினால் நிறம் கெடும். பிறகு பத்துப் பதினைந்து நாள் வெயிலில் காய்ச்சல். ஈரம் பத்து சதவீதத்துக்கு இறங்கினால்தான் பூசணம் பிடிக்காது. நடுவில் ஒரு மழை வந்தால் போச்சு. துண்டு போட்டுக் காயவைத்தால் சீக்கிரம் காயும். ஆனால் வெயில் பட்ட மேற்புறம் வெளுத்துவிடும். அறுபது டிகிரிக்கு மேற்படாத வெப்பக் காற்றில் உலர்த்தினால் நிறம் நன்றாக நிற்கிறது என்பது விவசாய ஆராய்ச்சியாளர்கள் கண்ட உண்மை. சாயம் பூச வேண்டிய தேவையை அடியோடு ஒழிக்கக்கூடிய சாதனம் அந்த உலர்த்தும் அறைதான். சிறு விவசாயி தனியாக அதை வாங்க முடியாது.

2022-23-இல் நம் நாடு 11.61 லட்சம் டன் மஞ்சள் விளைவித்தது. உலக விளைச்சலில் முக்கால் பங்குக்கு மேல் இது. அதே வருஷம் 1.53 லட்சம் டன் ஏற்றுமதியாகி 20.7 கோடி டாலர் கிடைத்தது. வகுத்துப் பார்த்தால் கிலோவுக்குச் சுமார் 1.35 டாலர். இதை 2030-க்குள் 100 கோடி டாலராக உயர்த்துவது இலக்கு. 2023 அக்டோபரில் அறிவித்த தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரி 14-இல், பொங்கல் நாளில், தெலங்கானாவின் நிஜாமாபாதில் தொடங்கி வைக்கப்பட்டது. ஏற்றுமதி டன்னை ஐந்து மடங்காக்கி இந்த இலக்கை எட்டிவிட முடியாது. கிலோவின் மதிப்பு உயர வேண்டும். மதிப்பு என்பது குர்குமின் எத்தனை சதவீதம், ஈயம் இல்லையா, சாறாக எடுத்தால் எத்தனை மாதம் நிலைக்கும் என்ற கேள்விகளின் பதில்தான்.

இப்போது ஏலக்களத்தில் மாதிரிக் கிழங்கை ஒடித்து, உட்புறத்து நிறத்தைப் பார்த்து விலை சொல்கிறார்கள். அனுபவசாலிகளின் கண்ணைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கோழிக்கோடு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையம் தந்த பிரதிபா போன்ற ரகத்தில் குர்குமின் ஆறு சதவீதத்தை எட்டுகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளில் இரண்டரை முதல் நாலரை சதவீதம். நாலரைக்கும் இரண்டரைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் அளக்க முடியுமா? சாறு எடுக்கும் ஆலைக்காரர் அதைக் கருவியில் அளந்தே வாங்குகிறார். விற்கிறவரிடம் மட்டும் கருவி கிடையாது. ஈரோடு ஏலத்துக்கு மூட்டை ஏற்றும் தருமபுரி விவசாயி தன் சரக்கின் சதவீதத்தை வண்டி ஏறுமுன் தெரிந்துகொள்ள வழி வேண்டும். வட்டாரத்துக்கு ஒரு பரிசோதனைச் சாலையும் பொதுவான உலர்த்தும் அறையும் அமைப்பதற்கு ஆகும் செலவு, நிஜாமாபாதில் நடந்தது போன்ற விழாக்களின் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று. தை பிறந்தால் அறுவடை. மாசியிலும் பங்குனியிலும் களத்தில் கிழங்கு காயும்.